மழைக்கு ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணு

இல்லம்மா, நான் கேக்கறது சாதாரணக் கேள்விதான். ஒரு பைக்குக்கு எதுக்கு நாலு மோடு? வண்டி ஒண்ணு. இன்ஜின் ஒண்ணு. ஓட்டறதும் ஒரே ஆளு. அப்புறம் மழைக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணு, விளையாட்டுக்கு ஒண்ணுன்னு நாலு வச்சுக் குடுத்தா, ஓட்டறவங்க விழாம என்ன பண்ணுவாங்க? நீங்க மெக்கானிக்குதானே?... இல்ல, கேட்டேன். உள்ள வந்தப்போ பில்லு போடற பொண்ணுன்னு நெனச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கையில கிரீஸப் பாத்தப்புறந்தான் வெளங்குச்சு. நல்லதாப் போச்சு, நேரா உங்ககிட்டயே சொல்லிடறேன். அந்த ரிப்போர்ட்டுல வண்டிதான் தப்புன்னு எழுதிடுங்க. பிரேக்ல கோளாறுன்னு ஒரே ஒரு வரி. எழுதிக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்.

ஏன்னா மூணு மணிக்கு வீட்டுக்கு ஒருத்தன் வர்றான், இத வாங்கறதுக்கு. என் பொண்ணு விக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பெரியவ. சின்னவ கல்யாணம் ஆகி வேற ஊர்ல இருக்கா, அவளுக்கு இதெல்லாம் கெடயாது. இந்தப் பெரியவளுக்குத்தான் கை எலும்பு விரிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. அதான் என்னை அனுப்பினா. “அப்பா, சர்வீஸ் சென்டர் போய் ரிப்போர்ட் மட்டும் வாங்கிட்டு வாங்க, வாங்கறவருக்குக் காட்டணும். வேற எதுவும் பேசாதீங்க”ன்னா. நான் என்ன பேசப்போறேன்? பேசற ஆளா நானு?

நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன்மா. அம்பது பேரு உக்காந்திருப்பாங்க, முப்பது பேரு நின்னுக்கிட்டிருப்பாங்க, படியில வேற அஞ்சாறு பேரு. மழையிலயும் அதே பஸ்ஸு, வெயில்லயும் அதே பஸ்ஸு. வைப்பர் பாதி நாள் ஓடாது, கண்டக்டர் கைய வெளிய விட்டுப் பழைய துணியால தொடைப்பாரு. மழை வந்துச்சுன்னா காலு தானா வேகத்தக் கொறைக்கும். அதுக்கு எந்த பட்டன அமுக்கினோம்? இப்ப என்னடான்னா மழை மோடாம். மழை பெய்யுதுன்னு வண்டிக்கு நாம சொல்லணுமாம், அது உடனே “அப்படியா”ன்னு கேட்டுக்கிட்டு மெதுவாப் போகுமாம். தலைமேல தண்ணி கொட்டறப்போ தெரியாதா ஒருத்தனுக்கு, மெதுவாப் போகணும்னு?

விளையாட்டு மோடுன்னு இன்னொண்ணு. ரோட்டுல என்ன விளையாட்டுங்கறேன். விளையாடணும்னா மைதானத்துக்குப் போ. அப்புறம் மண்ணு மோடு. ரோடே இல்லாத எடத்துல போறதுக்காம். ரோடு இல்லன்னா அங்க எதுக்குப் போறே? யாரு உன்னக் கூப்பிட்டா? இதையெல்லாம் கேட்டா சாகச வண்டிப்பா, டூர் வண்டிப்பாங்கறா. சாகசம் பண்றவன் எவனாவது ஹேண்டில்ல இருக்கற சின்னத் திரையப் பாத்து இதா அதான்னு யோசிச்சுக்கிட்டு நிப்பானா?

அவ நிப்பா. அதான் சொல்ல வர்றேன். ஞாயித்துக்கெழமையானா காலையில ஹெல்மெட், ஜாக்கெட், முட்டிக்குத் தகடு எல்லாம் மாட்டிக்கிட்டுக் கீழ வருவா. வண்டிமேல ஏறி உக்காருவா. போயிடுவான்னு பாத்தா போக மாட்டா. திரையப் பாப்பா. வானத்தப் பாப்பா. மறுபடி திரையப் பாப்பா. ஒரு தட்டு தட்டுவா, யோசிப்பா, இன்னொரு தட்டு தட்டுவா. அவ கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவம்மா. நாள் பூரா அவளுக்கு அதான வேலை. லென்ஸ மாத்தி மாத்திப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா”ன்னு அடுத்தவங்களக் கேக்கறவ. வண்டிமேல ஏறினா தன்னையே கேட்டுக்குவா போல. நான் வாசல் கேட்டுல நின்னு பல் வெளக்கிக்கிட்டே சொல்லுவேன், “என்னம்மா, படிச்சு முடிச்சிட்டியா? பரீட்ச எத்தன மணிக்கு?” அவ அம்மா ஜன்னல்லேருந்து மொறைப்பா. நான் தமாஷுக்குத்தான் சொல்றது. வீட்டுல ஒருத்தனாவது உள்ளத உள்ளபடி சொல்லணுமில்ல.

என்ன?... எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். அந்த வயரு எதுக்கு சீட்டுக்கு அடியில போகுது? ஓஹோ, என்ன நடந்துச்சுன்னு வண்டியே கம்ப்யூட்டருக்குச் சொல்லுமா. அதையும் அதுகிட்டயேதான் கேக்கணுமா? எங்க டிப்போவுல ஒரு மெக்கானிக் இருந்தாரு, காதக் கொண்டுபோய் பானட்ல வச்சாருன்னா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாரு. பாதி நேரம் தப்பாத்தான் சொல்லுவாரு, அது வேற விஷயம். ஆனா சொல்லுவாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை. லேசாத் தூத்தல். காலையில கெளம்பிப் போனா. நாலு கிலோமீட்டர் கூடப் போகல. ஆஸ்பத்திரிக்கு முன்னாடி ஒரு வளைவு இருக்கில்ல, அங்க ஒரு வேன்காரன் உள்ளேருந்து பாக்காம வெளிய வந்திருக்கான். இவ பிரேக் புடிச்சிருக்கா. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிட்டு, வால் ஒரு பக்கமாச் சரிஞ்சு, ஆளும் வண்டியும் கீழ. நல்ல வேளை ஜாக்கெட் இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே விழுந்ததால தூக்கிட்டுப் போக வண்டி கூடத் தேவப்படல. நான் போய்ப் பாக்கறப்போ கட்டுப் போட்டுட்டு உக்காந்திருந்தா. அழல. கைய மடியில வச்சுக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டு, ஒண்ணே ஒண்ணு சொன்னா. “எனக்கு பிரேக் புடிக்கத் தெரியலப்பா.”

பதினாறு வருஷமா ஓட்டறவம்மா அவ. ஸ்கூட்டர்லேருந்து ஆரம்பிச்சு. ஒரு கீறல் இல்ல. அன்னிலேருந்து ஒம்போது நாளா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா. சாப்பிடறப்போ சொல்றா, டிவி பாக்கறப்போ சொல்றா. அடுத்த மாசம் வண்டியில மலைப் பக்கம் போறதா ஏற்பாடு, இருபத்திரண்டு நாளு, இன்னும் ரெண்டு பொண்ணுங்களோட. ரெண்டு வருஷமா அதுக்கு லீவ் சேத்துக்கிட்டு வந்தவ. மேப்ப செவுத்துல ஒட்டி வச்சிருந்தா, எங்கெங்க தங்கறது, எங்கெங்க பெட்ரோல் போடறதுன்னு. முந்தாநேத்து அதக் கிழிச்சு மடிச்சு குப்பையில போட்டுட்டா. கை ஒரு மாசத்துல கூடிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு, வேணும்னா ரெண்டு வாரம் தள்ளிப் போகலாம்னு அந்தப் பொண்ணுங்களும் சொல்லிப் பாத்துட்டாங்க. இவ வேணாம்னுட்டா. “என்னால உங்களுக்கும் ஆபத்து, நான் வரல”ன்னு போன வச்சுட்டா. ஹெல்மெட்ட எடுத்துப் பரண்ல போட்டுட்டா. அவ அம்மாவுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், விட்டுது சனின்னு.

எனக்கும் சந்தோஷமாத்தானம்மா இருக்கணும். மூணு வருஷமா இந்த வண்டியத் திட்டிக்கிட்டு இருக்கறவன் நான். வித்துத் தொலைன்னு நூறு தடவ சொல்லியிருப்பேன். இப்ப விக்கறேங்கறா, எனக்கு சோறு எறங்கல.

அதனாலதான் சொல்றேன், பிரேக் கோளாறுன்னு எழுதுங்க. வாங்கறவன் வாங்காமப் போனா போறான். அவ படிக்கணும், அவ்ளோதான். தன்மேல தப்பில்ல, வண்டிதான் தப்புன்னு அவளுக்குத் தெரியணும்.

...கோளாறே இல்லயா? நல்லாப் பாத்தீங்களா? பேடு, டிஸ்க்கு எல்லாம்?... எல்லாமே சரியா இருக்கா. பின்ன எப்படிம்மா சக்கரம் பூட்டிக்கும்? பூட்டிக்காமப் பாத்துக்கறதுக்குன்னே ஏபிஎஸ்ஸோ என்னவோ இருக்குன்னு பீத்திக்கறீங்களே, அது அன்னிக்கு எங்க போச்சு? லீவா?

...மண்ணு மோடுல இருந்துச்சா.

அதுக்கு? ...பின் சக்கரத்துக்கு அது ஆஃப் பண்ணியிருந்துச்சா. சரி. மண்ணுல ஓட்டறவங்க ஆஃப் பண்ணிக்குவாங்களா, சக்கரம் இழுத்துக்கிட்டுப் போனாத்தான் அங்க நிக்குமா. நல்லாத்தான் கண்டுபுடிச்சு வச்சிருக்கீங்க, பிரேக்க ஆஃப் பண்றதுக்கு ஒரு பட்டன்... இல்ல இல்ல, கேக்கறேன், சொல்லுங்க. சாவிய எடுத்துட்டாலும் அப்படியேதான் நிக்குமா. மறுபடி மாத்தற வரைக்கும். இதான்மா நான் சொல்றது! இப்படி ஒரு யோசனை எந்த புத்திசாலிக்கு வந்துச்சு? வீடுன்னு இருந்தா நாலு பேரு வருவாங்க போவாங்க, கை படத்தான் செய்யும்.

சாவி?... சாவி ஆணியில மாட்டியிருக்கும், செருப்பு வைக்கற எடத்துக்கு மேல. யாரு வேணா எடுக்கலாம். பூனை கூட எடுக்கலாம். வீட்டுல யாரெல்லாமா? நான், அவ, அவ அம்மா. அவ அம்மாவ விட்டுடுங்க. வாஷிங் மெஷின்ல பதினாலு மோடு இருக்கு, வாங்கினதுலேருந்து ஒரே பட்டனத்தான் அமுக்கிக்கிட்டிருக்கா. திரை கறுத்தாலே “ஐயோ நான் எதையும் தொடல”ன்னு கத்துவா. அவளாவது இந்த வண்டிகிட்டப் போறதாவது.

மாத்தினது எத்தன மணிக்குன்னு கூட அதுல இருக்கா? ...ஆறு பத்துக்கா. அப்போ அவளா இருக்க முடியாதே, அவ குளிச்சுக்கிட்டிருந்தா.

...

இல்ல, தண்ணி சத்தம் கேட்டுச்சு. அதனால சொல்றேன்.

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? சரி, தொட்டேன். தொட்டா என்ன? எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாது. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் சீட்டுல உக்காந்து, எத்தன சுவிட்ச் இருக்கோ அத்தனையும் ஒரு தடவ போட்டுப் பாக்கணும். லைட்டு, ஹாரன், வைப்பரு, கதவு, எல்லாத்தையும். வேலை செய்யுதோ இல்லையோ, கை ஒரு தடவ பட்டிருக்கணும். ரிட்டயர் ஆனப்புறமும் அந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழமை அவ குளிக்கப் போனதும் நான் சாவியப் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா அமுக்கிப் பாப்பேன். அவளுக்குத் தெரியாது. தொடாதீங்கப்பான்னு சொல்லி வச்சிருக்கா. ஆனா நான் எப்பவும் எடுத்த எடத்துலயே வச்சுடுவேன். மழையில இருந்துச்சுன்னா மழையில, ரோட்டுல இருந்துச்சுன்னா ரோட்டுல.

அன்னிக்கு மண்ணு மோடுக்குப் போனதும் அந்தத் திரை என்னை ஒரு கேள்வி கேட்டுச்சு. பின் சக்கர ஏபிஎஸ்ஸ ஆஃப் பண்ணவா, ஆமாவா இல்லயான்னு. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. முப்பத்தொரு வருஷம் இது இல்லாம ஓட்டினவன்கிட்ட வந்து, உனக்கு தைரியம் இருக்கான்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. ஆமான்னு அமுக்கினேன். திரும்ப மாத்தலாம்னு இருக்கறப்போ மாடியில கதவு தொறக்கற சத்தம். சாவிய எடுத்து ஆணியில மாட்டிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வாசல் கேட்டுல போய் நின்னுக்கிட்டேன்.

அவ பாப்பான்னு நெனச்சேன். ஏன் நெனைக்க மாட்டேன்? மூணு வருஷமா வாரா வாரம் அந்தத் திரைய உத்து உத்துப் பாக்கறவ, அன்னிக்கும் பாத்திருப்பா. மாத்தியிருப்பா. ஏறி உக்காந்து சாவியப் போட்டு, அன்னிக்கும் அப்படித்தான் கைய நீட்டினா. நான்தான்... என் வாய் இருக்கே. “இன்னிக்கும் பேப்பர் படிக்கணுமா? நான் ஓட்டினப்போ இந்நேரம் நாலு ஸ்டாப் தாண்டியிருப்பேன்”னேன். பக்கத்து வீட்டுக்காரர் வேற நின்னுக்கிட்டிருந்தாரு, சிரிச்சாரு. அவ என்னைப் பாத்தா. “சரிப்பா, இன்னிக்கு எதையும் பாக்கல. போதுமா?”ன்னுட்டு, விருட்டுன்னு போயிட்டா.

எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சும்மா. பாக்காமப் போறா பாரு, இப்பதான் எம்பொண்ணுன்னு.

அந்தச் சந்தோஷத்துல மண்ணு மோடு மறந்துபோச்சுன்னு ஒம்போது நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். முழுசா மறக்கல. தெரு முனையில அவ திரும்பறதுக்கு வேகத்தக் கொறைச்சா பாருங்க, அப்ப ஞாபகம் வந்துச்சு. கூப்பிட்டா கேக்கற தூரம்தான். எனக்குத்தான் கொரல் சும்மா பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேக்குமே. கூப்பிட்டா வந்து, “தொட்டீங்களா?”ன்னு கேப்பா. பக்கத்து வீட்டுக்காரர் முன்னாடி. அதுக்காக வாய மூடிக்கிட்டு நின்னேன். பெத்த பொண்ணு தூத்தல்ல போறா, நான் மானத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன்மா.

...தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.

பிரிண்ட் எடுத்துட்டீங்களா? குடுங்க. ...“வாகனத்தில் பழுது ஏதும் இல்லை. பயணத்துக்கு முன் பின் சக்கர ஏபிஎஸ் ஓட்டுநரால் நிறுத்தப்பட்டுள்ளது.” ஓட்டுநராலயா? என்னம்மா இது, ஓட்டுநர்னா அவதானே? இத அவ படிச்சான்னா முடிஞ்சுது. பிரேக் புடிக்கத் தெரியலங்கறதோட, பாக்கக் கூடத் தெரியலன்னு அதையும் சேத்துக்குவா. இத எடுத்துக்கிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? பிரேக் கோளாறுன்னு ஒரே ஒரு வரி போட்டா உங்க கம்பெனி கவுந்துடுமா? இத்தன பெரிய கம்பெனி, நாலு மோடு வச்சிருக்கீங்க, ஒரு பொய் வைக்க எடமில்லயா?

...சரி. முடியாதில்ல. பொய் எழுத மாட்டீங்க, புரியுது. அப்போ ஒண்ணு பண்ணுங்க. நீங்களே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்களேன். “உங்கப்பா தெரியாம அமுக்கிட்டாரு”ன்னு சொல்லுங்க. தெரியாமன்னு சொன்னாப் போதும். நீங்களும் ஒரு பொண்ணு, அவளும் ஒரு பொண்ணு, பேசிக்குவீங்க. எனக்கு இந்த மாதிரியெல்லாம் பேசிப் பழக்கமில்ல. அவகிட்ட நான் தப்புன்னு சொன்னதே கெடயாது. நல்லதா ஒண்ணு சொன்னதும் கெடயாது, அது தனிக் கத. ...எங்கம்மா எந்திரிக்கறீங்க? இன்னொரு வண்டி காத்துக்கிட்டு இருக்கா? இருங்க, ஒரு நிமிஷம், நம்பர் குடுக்கறேன்... ஏம்மா. கதவ சாத்திட்டுப் போறாங்க பாரு.

நல்ல ஆளுங்க. பேசிக்கிட்டிருக்கறப்போ எந்திரிச்சுப் போறது. இப்ப இங்க நானும் இந்த வண்டியுந்தான். மணி ரெண்டேகால் ஆகுது.

...

ஹலோ. நான்தான், அப்பா. ...வாங்கிட்டேன், வாங்கிட்டேன். கையிலதான் இருக்கு. ...இல்ல, வாங்கறவன வர வேணாம்னு சொல்லு. ஏன்னா, எதுக்குன்னா... இரு, குறுக்க பேசாத. வண்டியில ஒண்ணுமில்ல. உன் மேலயும் ஒண்ணுமில்ல. அது மண்ணு மோடுல இருந்துச்சு. பின்னால ஏபிஎஸ் ஆஃப்ல இருந்துச்சு. ...ஆமா. ...நீ வைக்கல, எனக்குத் தெரியும். நான் வச்சேன். நீ குளிச்சுக்கிட்டிருந்தப்போ. ...இல்ல. தெரியாம இல்ல. தெரிஞ்சுதான். நீ முனையில திரும்பறப்போ ஞாபகமும் வந்துச்சு, நான்தான் கூப்பிடல.

...திட்டு. என்ன வேணா திட்டு, நான் வாயத் தொறக்கல. ...என்ன கேட்ட? ...பிரேக்கா? பிரேக் நீ ஒழுங்காத்தான் புடிச்ச. அந்த நெலமையில யாரு புடிச்சிருந்தாலும் விழுந்திருப்பாங்க, நான் புடிச்சிருந்தாலும் விழுந்திருப்பேன். ...ஆமா, நிஜமாத்தான். ...நல்லாத்தான் ஓட்டற. ...நீ நல்லா ஓட்டறேன்னு சொன்னேன். ...இங்க ஒரே சத்தம், எவனோ இன்ஜின முறுக்கிக்கிட்டிருக்கான். நீ நல்லா வண்டி ஓட்டற. கேட்டுச்சா? ...கேக்குதில்ல, அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி கேக்கற?